மறைவு என்ற கட்டம்

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகல். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகும் சாலையில் என் டிடிபி கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கடை வைப்பதற்கு முன் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால், பாடை கட்ட மூங்கில் வெட்டப் போகிறவருக்கு முன்னால் போஸ்டர் அடிக்கப் போகிறவர் கிளம்பிவிடுவார். பிணம் எடுப்பதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' சுவரில் ஏறியாக வேண்டும். அதனால் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். போன சாவின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, அடித்துக் கொடுப்போம். அவசரத்தில் ஏதாவது ஒன்று மாறாமல் நின்றுவிடும். ஒருமுறை ஒருவர் போஸ்டர் கட்டைத் திருப்பிக்கொண்டு வந்து, "எங்கப்பன் செத்ததுக்கு எவனோ ரிஷிவந்தியத்துக்காரன் பேரப்புள்ள அழுவுறான். இன்னாம்மா இது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் டெம்ப்ளேட் செய்யக் கற்றுக்கொண்டேன். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. மாறாத வரிகளைப் பூட்டிவிட வேண்டும். மாறுகிறவற்றுக்கு மட்டும் காலிக் கட்டம்: பெயர், ஊர், தோற்றம், மறைவு, இப்படிக்கு. பெயரை ஓரிடத்தில் அடித்தால் வர வேண்டிய எல்லா இடத்திலும் தானே வந்து உட்காரும். திறக்கும்போதெல்லாம் புதுப் பிரதிதான் திறக்கும், பழைய ஆளின் சுவடு அதில் இருக்காது. கடைசியாக ஒரு காவலும் வைத்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பிரிண்ட் போகாது. எந்தக் கட்டம் என்று திரையில் சிவப்பாகக் கேட்கும். அதற்கான சில வரி நிரலை வீடியோ பார்த்துப் பார்த்து எழுதினேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட் ஆயிற்று. ஆள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அன்று பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். முகச்சாடையைப் பார்த்தாலே அண்ணன் தம்பி என்று தெரிந்தது. தம்பி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் செல்போனை என்னிடம் நீட்டினார். பட்டமளிப்பு அங்கியில் ஓர் இளம்பெண்.

"கண்ணீர் அஞ்சலி அடிக்கணும்மா. தம்பி பொண்ணு."

எப்படி ஆச்சு என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அழுவார்கள், வேலை நிற்கும். கட்டங்களை வரிசையாகக் கேட்டேன். பெயரும் ஊரும் அண்ணன் சொன்னார். தோற்றம் என்றதும் தம்பி வாய் திறந்தார். பிறந்த தேதியோடு கிழமையையும் சொன்னார். "ஆஸ்பத்திரி வாசல்ல முட்டி வரைக்கும் தண்ணி. துணியில சுத்தித் தூக்கிக்கினு வந்தேன்" என்றார். நான் தேதியை மட்டும் அடித்தேன்.

"மறைவு?"

தம்பி முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடி கேட்டேன். அண்ணன் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்குன்னு போடு." சற்று யோசித்தார். "வேணாம், போன வெள்ளிக்கெழம போடு. அன்னிக்குத்தான் வூட்ட வுட்டுப் போனா."

பெண் உயிரோடு இருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள், அங்கே வேன் ஓட்டுகிற மலைக்காரப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மேலேயே தங்கிவிட்டாள். அண்ணன் இதை என்னைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னார். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குப் போஸ்டர் ஒட்டித் தலைமுழுகுவது நான் கேள்விப்படாதது அல்ல. செய்தியாக வந்தபோது பிழை திருத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்ததில்லை.

"தேதிய நீயே சொல்லுடா" என்றார் அண்ணன். "ஊரே சிரிக்கிது. நாளைக்கி என் பொண்ண எவன் வந்து கேப்பான்?"

"பொறந்த தேதி கேட்டாங்க, சொன்னேன். இது என் வாயில வராதுண்ணா."

"அப்ப தேதி இல்லாம அடிம்மா."

"தேதி இல்லாம மெஷின் அடிக்காதுங்க." பிரிண்ட் கொடுத்துக் காட்டினேன். திரை சிவப்பாகக் கேட்டது.

"அந்தக் கட்டத்தயே எடுத்துடு."

எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. பூட்டியதே நான்தான். "அதெல்லாம் எடுக்க வராதுங்கய்யா" என்றேன்.

அண்ணன் திரையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனும் உன் மிஷினும் ஒரே மாதிரி அடம் புடிக்கிறீங்க. எழுந்திருடா. ஊர்ல வேற கட இல்லியா இன்னா?"

போய்விட்டார்கள். பெரிதாக எதையோ தடுத்துவிட்டதாக நினைத்து அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பேருந்து நிலையச் சுவரில் அந்தப் பெண் இருந்தாள். அதே அங்கி, அதே சிரிப்பு. வேறு கடையில் அடித்தது. மறைவுக்கு நேரே வெள்ளிக்கிழமைத் தேதி. 'இப்படிக்கு' வரிசையில் அப்பா பெயர்தான் முதலில். மலையேறும் வெள்ளிமலைப் பேருந்துக்கு நின்றவர்கள் அண்ணாந்து படித்தார்கள். கூடையோடு நின்ற ஒரு பெண்மணி, "அய்யோ, பச்சப்புள்ளயா இருக்குதே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்று பிற்பகல் அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் கடைக்கு வந்தார். விரல்களில் பசை காய்ந்திருந்தது, நகத்தில் காகிதத் துணுக்குகள்.

"கைக்கு எட்டுனதெல்லாம் கிழிச்சிட்டேம்மா. ஏணி வச்சி ஒட்டிக்கிறாங்க, மேல எட்டல." பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ பாத்துட்டா. எவனோ போன்ல அனுப்பிக்கிறான். 'சரிப்பா'ன்னு ஒரே வார்த்த எழுதி எனக்கு அனுப்புனா. அதுக்கப்புறம் போன எடுக்கல."

நகத்திலிருந்த காகிதத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "அது மேல ஒட்டுற மாதிரி ஒண்ணு அடிச்சிக் குடுக்கிறியா?"

"இன்னான்னு அடிக்கட்டுங்க?"

டெம்ப்ளேட்டுகளைப் பழக்கத்தில் திறந்தேன். பிறப்பிலிருந்து கருமாதி வரை எல்லாம் இருந்தது. மூடிவிட்டு வெள்ளைப் பக்கம் ஒன்றை எடுத்தேன்.

"என் மக" என்றார். அடித்தேன். அடுத்ததற்குக் காத்திருந்தேன். வெளியே ஒரு லாரி கரும்பு ஏற்றிக்கொண்டு போயிற்று. "உயிரோட இருக்கான்னு போட்டா நல்லாவா இருக்கும்?" என்று என்னையே கேட்டார். நல்லா இருக்காது என்று எனக்கும் தெரிந்தது. மன்னிப்பு என்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். "அத எப்பிடிம்மா செவுத்துல ஒட்டுறது?" என்றார். எத்தனையோ குடும்பங்களின் துக்கத்தை வரிவரியாக அடித்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்குப் பின் மூன்றாவது சொல் எனக்கும் வரவில்லை.

கடைசியில் எழுந்தார். "வேணாம்மா. இத ஒட்டுனா அதப் பாக்காதவனும் நின்னு படிப்பான்."

சாலையைக் கடந்து போனார். பக்கத்தை மூடும்போது சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று கொடுத்தேன். அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாளா, அவர் மேலே ஏறிப் போனாரா, எனக்குத் தெரியாது. 'என் மக' என்று மட்டும் இருக்கும் அந்தப் பக்கத்தை எப்போதாவது திறந்து பார்க்கும்போது, சுவரில் ஏறிய ஒரு பொய்யை அடிக்க எவ்வளவு கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது, அதை எதிர்த்து ஒரு வாக்கியம் எழுத எங்கள் இருவருக்கும் எவ்வளவு நேரம் இருந்தும் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.