முந்நூறு மீட்டரில் ஒரு சாண்

துப்பாக்கிச் சத்தம் காதில் விழுவதற்குள் குண்டு உங்களைத் தாண்டிப் போயிருக்கும். இதைப் பௌதிகத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குவது வேறு. இலக்குப் பலகைக்குக் கீழே வெட்டிய ஆளுயரப் பள்ளத்தில் முதுகை மண்சுவரில் ஒட்டிக்கொண்டு குந்தியிருந்து கேட்பது வேறு. தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கினாற்போல ஒரு 'டப்'. அண்ணாந்து பார்த்தால் தாளில் ஒரு பொட்டு விழுந்திருக்கும். அதற்கும் அரை நொடி கழித்து, எங்கோ தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியதுபோல 'டொம்' என்று வரும், வெடித்த சத்தம். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையிலேயே மிரண்டு போனால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பாளையங்கோட்டையில் பௌதிகம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேர்ந்ததே துப்பாக்கிக்காகத்தான். ஐம்பது மீட்டரில், சின்ன ரைபிளில், ஐந்து குண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடுக்கிவிடுவேன். அந்த மிதப்பில்தான் ராணுவ ரைபிளைக் கையில் வாங்கி முந்நூறு மீட்டருக்குக் குப்புறப் படுத்தேன்.

அங்கே எல்லாம் வேறு. குழல் முனையில் நிற்கும் குறிமுள், தூரத்துப் பலகையின் கறுப்பு வட்டத்தைவிடத் தடிமனாகத் தெரிந்தது. அடிக்க வேண்டியதை, அதை அடிக்க உதவும் முள்ளே மறைத்துக்கொண்டு நின்றது. குறிமுள் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அங்கே அரை மீட்டருக்கு மேல் விலகும். போய்ச் சேருகிற அரை நொடிக்குள் பூமி அந்தக் குண்டை முக்கால் மீட்டருக்கும் மேல் கீழே இழுத்துவிடும். மூச்சை அடக்கினால் நெஞ்சு துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முள் மெல்லக் குதிக்கிறது. நெஞ்சை எங்கே போய் அடக்க? இத்தனையும் தாண்டி ஒரு குண்டு வட்டத்துக்குள் போய் உட்காருகிறதே, அது எப்படி? வாரக்கணக்கில் எனக்கு இதே நினைப்பு. நோட்டுப் புத்தகம் முழுக்கக் கணக்குப் போட்டேன். கல்லூரிக் கேன்டீன் மேசையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே யாராவது கிடைத்தால் பிடித்து உட்கார வைத்து விளக்குவேன்.

பெரும்பாலும் மாட்டுவது படையில் என்கூட இருந்த தோழிதான். நாங்குநேரி பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வயல் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். பேசுவது, எழுதுவது, சாப்பிடுவது எல்லாமே நிதானம்தான்.

"நீ விசைய அமுக்கதுக்குள்ள எதிரி வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வந்துருவாம்ட்டி" என்பேன்.

"வரட்டும். வயிறு நெறஞ்சவன் அசையாம நிப்பாம்லா" என்பாள்.

மாநிலப் போட்டிக்குப் போகிற அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பியாயிற்று. நான்காவது இடத்துக்கு நாங்கள் இருவரும் போட்டி. ஆளுக்குப் பத்துக் குண்டு, பத்து நிமிடம். உள்வட்டத்துக்குள் அதிகம் அடிப்பவளுக்கு இடம். இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி வருடம். படிப்பு முடிந்தால் சீருடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சுடுதளம் நாங்குநேரிக்கு மேற்கே ஒரு பொட்டலில். இடப்பக்கம் நீளத்துக்கு ஒரு மண்கரை. நடுவில் ஓடை அறுத்த இடத்தில் மட்டும் அதில் ஒரு வாய். கரைக்கு அந்தப்புறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் காத்தாடிகள். வெளியூர்க்காரர்கள் காற்றாலை என்பார்கள், எங்களுக்குக் காத்தாடிதான். மொட்டைமாடியில் துணி காயப்போடலாமா, ஸ்கூட்டரில் குடை பிடித்துப் போகலாமா என்பதற்கெல்லாம் அதைத்தான் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று எண்ணிக் காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவோம். அன்றைக்கு எல்லாக் காத்தாடியும் மேற்கே முகம் திருப்பி விசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

நானும் எண்ணினேன். நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தேன். இடமிருந்து வரும் காற்று குண்டை வலப்பக்கம் ஒரு சாண் தள்ளும் என்று வந்தது. ஆகவே ஒரு சாண் இடப்பக்கம் குறி பிடித்தேன். பத்துக் குண்டுக்கும் ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் விசை கண்ணாடி உடைவதுபோலச் சுத்தமாக விட்டுக்கொடுத்தது. எழுந்து முழங்கை மண்ணைத் தட்டும்போதே இடம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தேர்வில் நடுவே குண்டு எங்கே பட்டது என்று காட்டமாட்டார்கள். சுட்டு முடித்தவர் முந்நூறு மீட்டர் நடந்து போய்ப் பள்ளத்தில் இறங்கித்தான் தன் பலகையைப் பார்க்க முடியும். அடுத்தவருடைய குறியைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். நான் ஓடினேன்.

பள்ளத்தில் மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தி காலையிலிருந்தே வேலையில் இருந்தாள். என் வகுப்புதான், வாய் சும்மா இருக்காது. பலகையை இறக்கி வைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாங்க மேடம். ஒங்க குண்டெல்லாம் கல்யாண வீட்டுல போட்டோவுக்கு ஒதுங்கி நிக்க சொந்தக்காரங்க மாரி நிக்குது, பாருங்க."

பத்துப் பொட்டும் ஓர் உள்ளங்கைக்குள் நெருக்கியடித்து நின்றன. அவ்வளவு நெருக்கமாக நான் அதுவரை சுட்டதில்லை. எல்லாம் இடப்பக்கம், சரியாக ஒரு சாண் தள்ளி. ஓரத்தில் மூன்று மட்டும் உள்வட்டக் கோட்டுக்குள் தலைநீட்டியிருந்தன. நான் சொன்ன இடத்துக்கு அவை ஒழுங்காகப் போயிருக்கின்றன. தள்ளிவிட வேண்டிய காற்றுதான் வரவில்லை.

"மூணு" என்றாள் அவள், இப்போது கேலியில்லாமல்.

மைதாப் பசையைத் தொட்டு என் பத்து ஓட்டைகளையும் நானே தாள்துண்டு வைத்து ஒட்டினேன். பலகையை மேலே ஏற்றினோம். அந்தப் பக்கம் தோழி படுத்துவிட்டாள் என்பதற்கு விசில் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு 'டப்'. உள்வட்டம், நடுவுக்கு நாலு விரல் கீழே. குண்டு பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்த இடத்தில் புழுதி எழுந்தது. எழுந்த புழுதி எந்தப் பக்கமும் போகாமல் நட்ட கம்புபோல நின்று, பைய அமர்ந்தது. மேலே காத்தாடி அந்தச் சுற்றுச் சுற்றுகிறது, கீழே புழுதி ஆடவில்லை. எண்பது மீட்டர் உயரத்துக் காற்றை எண்ணிவிட்டு, தரையோடு போகிற குண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்! அதுவும் கரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு!

இரண்டாவது. மூன்றாவது. இரண்டும் உள்ளே. ஆறு நிமிடம் ஆகியிருந்தது. என் மூன்றும் அவள் மூன்றும் சமம்.

அப்புறம் அவள் சுடவேயில்லை.

ஏழு நிமிடம். ஏழரை. "ஒறங்கிட்டாளா?" என்றாள் மேலப்பாளையத்துக்காரி. எட்டு. நான் இதை மறைக்கப் போவதில்லை: விசில் அடித்துவிடட்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். சமமாக முடிந்தால் மறுபடி ஒரு வாய்ப்பு. எனக்கோ இப்போது பிழை தெரியும். எட்டரை. ஒன்பது. ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் 'டப்' என்றது. மூச்சு விடுகிற இடைவெளியில் இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று. நாலு பொட்டும் வட்டத்துக்குள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பூத்தன. நிதானமே உருவான பெண்ணா இப்படிச் சுடுகிறாள்? நாலாவது குண்டின் 'டொம்' வந்து சேர்ந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு பலகையையே பார்த்தபடி நின்றிருந்தேன். பத்து நிமிடம் முடிந்து விசில் ஊதியது.

"ஏழு" என்றேன். ஏழு என்று காட்டும் பலகையைத் தூக்கிப் பிடித்ததும் நான்தான்.

திரும்பி நடந்து வந்தபோது அவள் சுடாத மூன்று தோட்டாவையும் எங்களுக்குப் பயிற்சி தரும் ஹவில்தார் கையில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வடநாட்டுக்காரர் அவர், "மூணு பாக்கி வெச்சு ஜெயிக்கிற ஆள் இப்பதான் பாக்குறேன்" என்று தன் தமிழில் சொல்லிவிட்டு, தாளில் நான்காவது பெயரை எழுதினார். அவளிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏட்டி, எதுக்கு அவ்வளவு நேரம் சும்மா கெடந்த?"

"ஓடை வாயில கானல் சாஞ்சிச்சு. நேராவட்டும்னு இருந்தேன்."

"கானலா? நீ காத்தாடியப் பாக்கலயா?"

"பாத்தேன். அது அங்கன சுத்துது, நான் இங்கன கெடக்கேன்." கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள். "நாலுவழிச் சாலையில பஸ்ஸுக்கு நிக்கேம்லா தெனம். ரோட்டுல கானல் ஓடும். காத்து இல்லன்னா நட்டுக்குத்தா கொதிக்கும், காத்து வந்தா படுத்துக்கிட்டு ஓடும். பொழுது போவாம அதத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அவள் படுத்திருந்த விரிப்பு இன்னும் சுருட்டப்படவில்லை. நான் அதில் போய்க் குப்புறப் படுத்தேன். தாடையைத் தரையோடு வைத்து, கண்ணைச் சுருக்கினேன். முதலில் வெறும் பொட்டல்தான் தெரிந்தது. பிறகு மெல்லத் தெரிய ஆரம்பித்தது: பலகைக்குக் கீழே, அடுப்பில் வைத்த தண்ணீர்போல, காற்று நிமிர்ந்து நின்று கொதித்துக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில், ஓடை வாய்க்கு நேரே, யாரோ கையால் வருடிவிட்டதுபோல அது வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்து நடுங்கியது, பிறகு பைய நிமிர்ந்தது. இத்தனை நாள் இந்த வழியாகத்தான் என் குண்டுகள் போயிருக்கின்றன, நான் ஒன்றையும் பார்க்காமல்.

"ஏளா, வேன் கெளம்புது! படுத்துத் தூங்காத!" என்று பின்னாலிருந்து மேலப்பாளையத்துக்காரி கத்தினாள்.

"ஒரு நிமிசம்ட்டி" என்றேன். கானல் மறுபடி நேராக நின்றது. துப்பாக்கி இல்லாமலே ஆள்காட்டி விரலை மடக்கி, மூச்சை நிறுத்தி, ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.