பொம்மையின் இடுப்புக் கீல்

குற்றாலிங்கம் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, கேட்கிறவர்களுக்கும் நேரம் மிச்சம். தென்காசியில் என் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, எழுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து பல் செட் செய்கிறவன் அவன். சொந்த ஊர் அச்சன்புதூர். அண்ணன்மாரில் ஒருவன் போலீஸ், ஒருவன் பட்டாளம். இவனும் போலீஸுக்குப் போய் நின்றான். மார்பளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நெல் வயல் இருந்தது. அதில் இறங்கவும் துப்பில்லை.

"கையில மட்டும் கொஞ்சம் நிதானம் உண்டு டாக்டர்" என்று சொல்லி அவன் அப்பா என்னிடம் கொண்டுவந்து விட்டார். வேறெங்கும் விலைபோகாத சரக்குக்கு ஊரில் நம்பிராஜன் டாக்டர் என்று நான் ஒருத்தன் இருக்கிறேனே.

நிதானம் என்றால் சாதாரண நிதானம் இல்லை. மற்ற ஊரில் இரண்டு நாளில் முடிக்கிற செட்டுக்கு இவனுக்கு ஐந்து நாள் வேண்டும். ஒவ்வொரு பல்லையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். திட்டினால் "ஆகட்டும் டாக்டர்" என்பான். மறுபடி தூக்கிப் பார்ப்பான்.

எண்பத்திரண்டு குற்றால சீசனில் பீர் மைதீன் என்பவர் ஐந்தருவியில் வழுக்கி விழுந்து, முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதர். குற்றாலிங்கம் செய்த பல்லை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தவர், எது உடைந்த பல் என்று நாக்கால் தடவித் தேடினார். பக்கத்துப் பல்லில் இருந்த வெற்றிலைக் கறைவரை இவன் ஏற்றியிருந்தான். அடுத்த வருஷம் சாரலுக்கு வந்தபோது அவர் எனக்கு ஒரு அத்தர் குப்பி கொடுத்தார். இவனுக்கு ஒரு பெட்டி.

பெட்டி முழுக்க ஜப்பான் எழுத்து. மேலே ஒரு சண்டை விமானத்தின் படம். பக்கத்திலேயே அந்த விமானம் கையும் காலும் முளைத்து இயந்திர மனுஷனாக எழுந்து நிற்கிற படம். உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் காய் காய்த்த மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள். அவற்றை வெட்டி, அரத்தால் தேய்த்து, ஒட்டிச் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடுவதாம். இவனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

மத்தியானம் நான் சாப்பிட்டுத் தூங்குகிற இரண்டு மணி நேரம் அவன் கையில் அதுதான். பெட்டியோடு வந்த பசை காய்ந்துபோயிருந்தது. செட் பவுடரைக் குழைக்கிற தண்ணி மருந்தைத் தொட்டு ஒட்டினான். இடைவெளி விழுந்த இடத்தில் அந்தப் பவுடரையே அடைத்து, பல்லை மெருகு போடுகிற மோட்டாரில் தேய்த்தான். மனுஷனுக்கு ஈறு செய்கிற சாமானில் பொம்மைக்குத் தோள் செய்தான். அதனால் பொம்மையின் மூட்டெல்லாம் ஈறு நிறத்தில் இருந்தது. பிறகு புளியரைப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் சாம்பல் பெயின்ட் கேட்டு வாங்கிவந்து பூசினான். பெயின்ட் வாங்க பஸ் ஏறிப் புளியரை போகிறவனை வேறு என்ன சொல்வது?

அதோடு விட்டானா? பெட்டிக்குள் இருந்த படத்தின்படி செய்தால், விமானத்தை மனுஷனாக்குவதற்குக் கால்களைக் கழற்றிவிட்டு வேறு கால்களை மாட்ட வேண்டும். அது இவனுக்குப் பிடிக்கவில்லை.

"கழட்டி மாட்டுனா அது மாறுனதா ஆகாது டாக்டர். வேற சாமான் ஆயிருது. எதையும் கழட்டாம, தானா மடங்கி தானா நிமிரணும்."

"மடங்கி நிமிந்து ராக்கெட்டா விடப்போறே? அந்தக் கீழ்செட்டு என்னாச்சு?"

"ஆகட்டும் டாக்டர்."

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. நான் குப்பையில் போட்ட ஊசிகளைப் பொறுக்கி, கொதிக்கவைத்து, துண்டு துண்டாக வெட்டி, அந்தக் குழலுக்குள் பல் கம்பியை விட்டுக் கீல் செய்தான். கடுகளவு கீல். முதல் தோள் உடைந்தது. இரண்டாவது தொளதொளத்தது. நாலாவது தோளில்தான், நிமிர்த்தியதும் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிற வித்தை அவனுக்குப் பிடிபட்டது. அதையே பெரிதாக்கி இடுப்புக்கு இரண்டு கீல் செய்தான். ஒரு நாள் என் மேஜைக்குக் கொண்டுவந்து, ஒற்றைக் கையால் விமானத்தை மனுஷனாக்கி நிறுத்திக் காட்டினான். அது நின்றது. நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

எண்பத்தைந்து ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கினோம். குறடு, மோட்டார், மெழுகுக் கத்தி, நடுவில் அந்தப் பொம்மை, நெற்றியில் சந்தனத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைத் தூக்கு. தொழில் சாமான் மட்டும்தான் இங்க இருக்கணும்."

"இதும் தொழில்தான் டாக்டர்" என்றான்.

நானே எடுத்து அலமாரியில் எறிந்தேன். ஒரு இறக்கை முறிந்தது. அவன் குனிந்து முறிந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டான். எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், இறக்கை ஒட்டியிருந்தது.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். வர இஷ்டமில்லை, ஆனால் வந்தாக வேண்டும். என் மனைவி முத்துவடிவு குமரியாக இருந்த காலத்திலிருந்து பாக்குப் போடுகிறவள். பாக்கு அவள் கன்னத்தை உள்ளே தோல்வார் மாதிரி இறுக்கிவிட்டது. வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்காது. மேல்பல் ஒன்றுகூட மிச்சமில்லை. பல் டாக்டர் பெண்டாட்டிக்குப் பல் இல்லை என்று ஊர் சிரித்தது. நான் மூன்று செட் செய்துகொடுத்தேன். அளவு எடுக்கிற தட்டே அந்த வாய்க்குள் போகாது, குத்துமதிப்பில் செய்ததுதான். பெரிதாகச் செய்தால் நுழையவில்லை. சிறிதாகச் செய்தால் சோற்றோடு விழுந்தது. மதுரையில் காட்டினால் கன்னத்தை உள்ளே கீற வேண்டும் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

எண்பத்தாறு தை மாதம் மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு திருவேங்கடம். அப்போதுதான் முத்துவடிவு வெடித்தாள்.

"பொக்கை வாயோட நான் மேடையில நிக்க மாட்டேன். நீங்களே நின்னு பொண்ணைக் குடுத்துக்கிடுங்க."

"உன் வாய் அப்படி. செட்டு என்ன செய்யும்? மேடையில வாயை மூடிக்கிட்டு நில்லு."

"இருவத்தஞ்சு வருசமா மூடிக்கிட்டுத்தான நிக்கேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒங்களுக்கு என் வாய் கோணல்."

மறுநாள் குற்றாலிங்கம் என் முன்னால் வந்து கையைப் பிசைந்தான். "டாக்டர், அம்மா அளவ நான் ஒருக்க எடுக்கட்டுமா? எடது பாதி தனியா, வலது பாதி தனியா எடுத்து, பிளாஸ்டர்ல சேத்துக்கிடலாம். பொம்மை ஒடம்பும் ரெண்டு பாதியாத்தான் வருது. செட்ட நடுவுல பொளந்து கீல் வச்சிட்டா, மடக்கி உள்ள விட்டு, உள்ள போயி விரிச்சிக்கிடலாம்."

"விமானம் மாதிரி?"

"ஆமா டாக்டர். அதே மாதிரிதான்."

நான் சிரித்தேன். வெளியே பெஞ்சில் வீங்கின கன்னத்தோடு இருந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். மதராஸில் படித்துப் பட்டம் வாங்கினவனுக்கு, மார்பளவு பத்தாதவன் பொம்மையை வைத்து வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறான். "போய் வேலையைப் பாருலே" என்றேன். போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கதவைத் திறந்தால் எங்கள் அடுப்படி. என் சிரிப்பு அங்கேயும் கேட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் குற்றாலத்தில், ஒரு சத்திரத்தில். முத்துவடிவு காலையிலிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் திரிந்தாள். எப்படியோ மேடையேறினாளே என்று நான் பெருமூச்சு விட்டேன். தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரன், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான். முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். மேல்வரிசை முழுவதும் பல். லேசான மஞ்சள் ஓடிய, அவள் வயதுக்கு ஏற்ற பல். முன்னால் ஒன்று துளி கோணல். கல்யாணமான புதிதில் அவளுக்கு அப்படி ஒரு கோணல் பல் இருந்தது. நான் மறந்தே போயிருந்தேன். பழைய கல்யாணப் போட்டோவை அவளிடம் வாங்கிப் பார்த்து, எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறான் அந்த மடையன்.

"டாக்டர் கைவேலையா?" என்றார் சம்பந்தி.

"ஆமா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது. இரண்டடி தள்ளி குற்றாலிங்கம் சந்தனக் கும்பாவோடு நின்றான். கேட்டான். முத்துவடிவும் கேட்டாள்.

பந்தி முடிந்ததும் முத்துவடிவு என்னை மணப்பெண் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். சம்பந்தியம்மாளும் அவர்கள் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கும் இந்தப் பாக்கால வாய் ரெண்டு விரலுக்கு மேல தெறக்க மாட்டேங்கு" என்றாள் சம்பந்தியம்மாள். "இது எப்படி உள்ள போவுது? ஒருக்கக் காட்டுங்களேன்."

முத்துவடிவு திரும்பி நின்று எதையோ செய்தாள். கழுவித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கழற்றும்போது மடங்கியிருக்க வேண்டும். எனக்காகவே விரித்துப் பூட்டி வைத்திருந்தாள்.

"காட்டுங்க. நீங்க செஞ்சதுதான" என்றாள்.

நடுவில் மயிரிழைக் கோடு. அண்ணத்துப் பக்கம் ஒரு கீல். அந்தக் கீல் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு மூலையில் சாம்பல் பெயின்ட் சுரண்டிய தடம் இருந்தது. இங்கே அமுக்கினேன், அங்கே அமுக்கினேன். குரங்கு கைப் பூமாலை என்பார்களே, அதேதான். மடங்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். முத்துவடிவு அடக்கவில்லை, பல்லில்லாத வாயால் சிரித்தாள். இருபத்தைந்து வருஷத்துக் கணக்கு அதில் இருந்தது.

வாசலில் தாம்பூலப் பையோடு வந்த குற்றாலிங்கம் நின்று பார்த்தான். இப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் திருவேங்கடம்வரை போய்விடும். உள்ளே வந்து என் கையிலிருந்து எடுத்தான். கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தொட்டான். இரண்டு இறக்கையும் சேர்ந்து புத்தகம்போல மடங்கின.

"டாக்டர் சொல்லச் சொல்ல நான்தாம்மா செஞ்சேன்" என்றான் சம்பந்தியம்மாளிடம். "மடக்குத வேல என் வேல. டாக்டருக்கு இதுல பழக்கமில்ல."

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். காப்பாற்றிவிட்டான். அதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அதே பின்னறையில்தான் இருக்கிறான். இப்போது புளியரைக்கு அப்பாலிருந்துகூட மடக்கு செட்டுக்கு ஆள் வருகிறார்கள், போர்டில் என் பெயர்தான் இருக்கிறது. போன வாரம் அவன் சாப்பிடப் போன நேரம் அந்த அறைக்குள் போனேன். பொம்மை பிளாஸ்டர் கட்டி மேல் சாய்ந்து கிடந்தது. எடுத்து நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி விழுந்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் வெறும் ஓட்டை.

அவன் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "ஒரு கீல்தானலே அம்மாவுக்குப் போச்சு?" என்று கேட்டேன். "இன்னொண்ணு எங்க?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தான். பஞ்சுக்குள் அந்தக் கீல் இருந்தது.

"அம்மா செட்டுல இருக்கது தேஞ்சா மாத்தணும்லா டாக்டர்."

"புதுசா ஒண்ணு செஞ்சு பொம்மைக்குப் போட வேண்டியதுதான?"

"செஞ்சேன் டாக்டர், ரெண்டு செஞ்சேன். நல்லாத்தான் வந்துச்சு. ஒண்ணு சம்பந்தியம்மாவுக்குப் போச்சு, ஒண்ணு கடையநல்லூர்ப் பாட்டாவுக்குப் போச்சு."

மடையன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. பொம்மையைப் பிளாஸ்டர் கட்டிமேல் பழையபடி சாய்த்து வைத்துவிட்டு, பெஞ்சில் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன்.