கடைசி ஆள் வந்தபின் எரியும் ஸ்டார்

"கிறிஸ்துமஸ விட்டுட்டு ஒன்னால ஒரு வருசம் இருக்க முடியுமா, ஏளா? ரெண்டாம் நாளே அழுதுட்டு ரயிலேறிருவ."

போன வருஷம் நவம்பரில் அத்தை, அப்பாவின் தங்கை, என்னிடம் சொன்னது இது. அப்போது என் கையில் ஒரு வேலைக் கடிதம் இருந்தது. குஜராத்தில் ஒரு துறைமுகம். எந்தக் கண்டெய்னர், கப்பலின் எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடுகிற வேலை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் மூன்று வருஷம் பில் அடித்துக்கொண்டே, பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்து அந்த வேலையைக் கற்றிருந்தேன். டிசம்பர் இருபதாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் காலேஜ் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்றவன். குவைத்தில் மீன்பிடி படகில் இருக்கிறான். அவனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா தாள்கள் எல்லாம் நான் நிரப்பியவை. திரேஸ்புரத்தில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போன ஏழெட்டுப் பேருக்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். எல்லாரையும் அனுப்பி வைத்த கையெழுத்து என்னுடையது.

அப்பா கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, கடலுக்குள் போட்டுக்கொள்ளும் கண்ணாடியைக் கழுவிக்கொண்டே, "அப்பம் இந்த வருசம் ஸ்டாரு எரியாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். வள்ளத்திலிருந்து எத்தனை பேர் தண்ணீரில் இறங்கினார்களோ அத்தனை தலையும் மேலே வந்தபிறகுதான் கரைக்குத் திரும்புவார்கள். அதே சட்டத்தை அவர் வீட்டிலும் வைத்திருக்கிறார். டிசம்பர் பிறந்ததும் எல்லா வீட்டிலும் போல எங்கள் வாசலிலும் காகித ஸ்டார் தொங்கும். மற்ற வீடுகளில் அன்றைக்கே பல்பு எரியும். எங்கள் வீட்டில் கடைசி ஆள் வந்து சேர்ந்தால்தான் எரியும். அண்ணன் வரும்வரை தெருவில் எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருக்கும். "இன்னும் வரலியா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் கேட்பார்கள்.

நான் போனால் அந்த இருட்டு கிறிஸ்துமஸ் கழிந்தும் இருக்கும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன். ஜனவரியில் சேர அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். காரணம், கிறிஸ்துமஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது அது நியாயமான காரணமாகத்தான் தெரிந்தது.

பதில் வரவில்லை. டிசம்பர் பாதியிலிருந்து பத்து நாள் அடுப்படி. அத்தையும் அம்மாவும் முந்திரிக்கொத்து உருட்ட, நான் அச்சுமுறுக்கு சுட்டேன். அச்சை எண்ணெயில் முக்கி எடுப்பது, மாவில் தோய்ப்பது, மறுபடி எண்ணெய். ஜன்னல் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெரியும். அதற்கு மேல் துறைமுகப் பக்கத்து வானம் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு முறுக்கும் அச்சைவிட்டுக் கழன்று விழும்போது எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

இருபத்தி மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினான். தெருவே எட்டிப் பார்த்தது. "வந்துட்டானா? எளச்சுப் போயிட்டானே!" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவன் கன்னத்தைத் தடவினாள்.

என்னைப் பார்த்து அண்ணன், "என்னளா, என்னயவிட நீ கறுத்துட்ட? நீயும் படகுக்கா போற?" என்றான்.

"அடுப்புக்குப் போறேன். அங்கனயும் வெயிலுதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"போடு பிள்ள" என்றார் அப்பா. சுவிட்சைப் போட்டேன். உச்சி வெயில், பல்பு எரிவதே தெரியவில்லை. அண்ணன் ஸ்டாருக்குக் கீழே போய்க் கையைக் குவித்துப் பார்த்து, "எரியுது, எரியுது" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குடிலும் பலகாரமும் புதுத்துணியும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் இல்லை என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. "வந்துட்டான்" என்கிற அந்த ஒரு சொல்தான் கிறிஸ்துமஸ். அதை நான் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. எங்கேயும் போகாதவள் எப்படி வர முடியும்?

மறுநாள் காலை, கையெல்லாம் மாவாக இருக்கும்போது, போனில் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். சுண்டுவிரலால் திரையைத் தள்ளி இரண்டு தடவை படித்தேன். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் அழக் கூடாது. கூடத்தில் அண்ணன் குவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் அத்தை.

"எண்ணெய்ப் பொகை, அத்த."

கேட்காமலே ஒரு பெரிய முந்திரிக்கொத்தை என் வாயில் திணித்துவிட்டுப் போனாள். அன்பாகத்தான். என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இந்த வருஷம் அக்டோபரில் அதே துறைமுகத்தில் மறுபடி ஆள் கேட்டிருந்தார்கள். மறுபடி டிசம்பரில்தான் சேர வேண்டும். இந்தத் தடவை நான் தேதியை மாற்றித் தரச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டு எழுதிவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன். அத்தை தன் பழைய வசனத்தையே சொன்னாள். அப்பா, "அப்பம் ஸ்டாரு?" என்றார்.

"எரிய வேண்டாம்ப்பா. நான் வந்து போடுதேன்."

டிசம்பரில் என்னை வண்டியேற்ற அப்பாதான் வந்தார். ஸ்டேஷனில் என் பையை ரயிலில் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார், வள்ளத்தில் கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் அழுதேன். அத்தை சொன்னது பாதி சரி. ரயிலேறுகிற மீதிப் பாதிக்காக, அன்றைக்கே ஒரு லீவுத் தாள் வாங்கி எழுதி மேற்பார்வையாளர் மேசையில் வைத்தேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நேற்றுத்தான் சேர்ந்தாய். அடுத்த டிசம்பருக்கு இப்போதே லீவா?"

ஆமாம் என்றேன். காரணம் என்கிற இடத்தில் கிறிஸ்துமஸ் என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.