வான்கோழிக் கொட்டகையின் சாவி

நாய்ப் பண்ணைகளில் சோதனைக்குப் போகும்போது வில்டா க்ரௌச் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் அப்படியல்ல. முந்தின நாளே கூப்பிட்டு, "நாளைக்கு உங்க பக்கம் வர்றேன், வீட்ல இருப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பண்ணைக்காரர்கள் கூண்டுகளைக் கழுவி, நோஞ்சான் நாய்களை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அவருக்கு ஆப்பிள் கேக்கும் காப்பியும் வைத்துக் காத்திருப்பார்கள். அவர் ஓய்வுபெற்றபோது மாவட்டமே கூடி விருந்து வைத்தது.

வில்டா வந்த பிறகு கேக்கும் நின்றது, சிரிப்பும் நின்றது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துத் தெற்கு மலைச் சரிவுகளில் கோழி வளர்ப்பதைப் போல நாய் வளர்த்துக் குட்டி விற்கிற ஊர் அது. அங்கே அந்த வேலைக்கு வந்தவள், ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவள் என்று பெயரெடுத்தாள்.

அவள் வெளியூர்க்காரி இல்லை. அவளுடைய அப்பா பன்றி வளர்த்தவர். அந்த நிலம் வங்கிக்குப் போன பிறகு வில்டா அடுத்தவர் தொழுவங்களில் பால் கறந்து பிழைத்தாள். நாற்பதைத் தாண்டிய வயதில், மாநில வேளாண் துறைத் தேர்வெழுதி, ரப்பர் பூட்ஸும் அரசாங்க அடையாள அட்டையுமாக வந்து நின்றாள். நெடுநெடுவென்று உயரம். பேச்சு குறைவு. பொறுமை மட்டும் பாறை மாதிரி.

ஹார்லன் பெவின்ஸ் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கால்நடைச் சந்தையில் ஏலம் விடுகிறவன்; அவன் குரல் கேட்டால் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். தேவாலயத்துக் கூரை ஒழுகினால் அவன்தான் தகரம் வாங்கிப் போடுவான். தீயணைப்பு நிலையத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் மீன் வறுவல் விருந்துக்கு மீன் முழுக்க அவன் செலவு. அவனுடைய பண்ணையில் பிறந்த சடை நாய்க்குட்டிகள் வண்டி வண்டியாகப் பெரிய நகரங்களின் கடைகளுக்குப் போயின. அவனைக் குறை சொல்ல ஊரில் ஒரு நாக்கும் எழும்பாது.

தை மாதக் குளிரில் ஒரு காலை நேரம் வில்டா அவன் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"அடடே, வில்டாவா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே, பொண்ணு பார்க்க வந்தியா?" என்றான் ஹார்லன்.

"நாய் பார்க்க வந்தேன். காட்டு," என்றாள் அவள்.

முன்னால் இருந்த இரண்டு கொட்டகைகளும் பளிச்சென்று இருந்தன. சிமெண்டுத் தரை, சூடு காட்டும் விளக்கு, வாலாட்டும் நாய்கள். ஹார்லன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரிப் பெருமையாக நடந்தான். ஒரே ஒரு கூண்டின் கதவு துருப்பிடித்திருந்தது. அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது காற்று மாறி அடித்தது. மூத்திர நெடி கண்ணில் அறைந்தது. மரங்களுக்குப் பின்னால், ஹார்லனின் அப்பா காலத்து வான்கோழிக் கொட்டகை. அதன் சன்னல்களில் தகரம் அடித்திருந்தது.

"அதுல என்ன?"

"வைக்கோல்."

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு குரல் கம்மலாகக் குரைத்தது. பிறகு இன்னொன்று.

"உன் வைக்கோல் குரைக்குதே, ஹார்லன்," என்றாள் வில்டா.

அவன் முகம் மாறவில்லை. "பூனைய விரட்ட ஒரு நாய் விட்டிருக்கேன். தெறந்து காட்டலாம்னா சாவி ஜோலீன்கிட்ட இருக்கு. அவ ஸ்பிரிங்ஃபீல்டு போயிருக்கா. எப்ப வருவாளோ. நீ இன்னொரு நாளைக்கு வா."

அவன் கணக்கு அவளுக்குப் புரிந்தது. உரிமம் வைத்திருப்பவன் எல்லாக் கட்டடங்களையும் திறந்து காட்டவேண்டும் என்பது சட்டம். ஆனால் அவள் 'திறக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போய், மேலிடத்து உத்தரவோடு திரும்பி வருவதற்குள், அந்தக் கொட்டகையில் உண்மையாகவே வைக்கோல் இருக்கும். நாய்கள் எந்த மலைக்குப் பின்னால் போயிருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பரவாயில்ல, இருக்கேன்," என்றாள்.

"எங்க இருப்ப?"

"இங்கதான்." வண்டியின் பின்பலகையை இறக்கி, கொட்டகைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து, கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

ஹார்லன் முதலில் சிரித்தான். "வெறச்சுப் போயிடுவடி," என்றான். பிறகு காப்பி கொண்டுவந்து நீட்டினான், அவள் வாங்கவில்லை. பிறகு அவள் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினான். பிறகு அதே அப்பா கடனில் மூழ்கியதைப் பற்றிக் கெட்டதாக நாலு வார்த்தை பேசினான். வில்டா கல்லுளிமங்கி போல உட்கார்ந்திருந்தாள். கால் விரல்கள் மரத்துப்போயின. பனித்தூறல் தொடங்கி, தொப்பியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜோலீனின் கார் வந்தது. ஹார்லனின் மனைவி, ஒல்லியான, எப்போதும் களைத்த முகம். மளிகைப் பைகளோடு இறங்கியவள் வில்டாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஜோலீன், அந்தக் கொட்டகை சாவி உங்கிட்ட இருக்காமே?" என்று கேட்டாள் வில்டா.

ஜோலீன் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே எச்சரித்தான். அவள் பைகளை மெல்லக் கீழே வைத்தாள்.

"சாவி எங்கிட்ட என்னைக்கும் இருந்ததில்ல. தீனி போடற நேரத்துக்கு மட்டும் குடுத்துட்டு வாங்கிக்குவாரு. இப்பவும் அவரு கோட்டுப் பையிலதான் இருக்கு. காலையில இருந்து அதத்தான் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு போல."

ஹார்லனின் கை பைக்குள்ளேயே உறைந்தது.

வில்டா கையை நீட்டினாள். நெடுநேரம் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் சாவி வந்தது.

கதவு திறந்ததும் நெடியில் கண்ணீர் கொட்டியது. கம்பிக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை. மேல் கூண்டின் கழிவு கீழ்க் கூண்டில் விழுந்தது. தண்ணீர்க் கிண்ணங்களில் பனிக்கட்டி. கம்பியின்மேலேயே நின்று நின்று பாதம் விரிந்துபோன பெட்டை நாய்கள். ஒன்றுக்குச் சீழ் பிடித்துக் கண் மூடியிருந்தது. இன்னொன்றின் சடை திரிதிரியாக இறுகி, பின்னங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டியதுபோல் இழுத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒருசேரக் குரைத்தன. குரைக்க வாயைத் திறந்த சிலவற்றுக்குப் பல்லே இல்லை.

வில்டா அழவில்லை. கண்ணீர் நெடியால் வந்தது என்று பிறகும் சாதித்தாள். முதல் வேலையாக எல்லாக் கிண்ணங்களையும் வெளியே எடுத்துவைத்து, பனியைப் பூட்ஸ் குதியால் உடைத்தாள். ஜோலீன் சொல்லாமலே வெந்நீர் தூக்கிவந்தாள். அதற்குப் பிறகுதான் வில்டா படமெடுக்கவும் எழுதவும் தொடங்கினாள். மறுநாள் காலையிலேயே மாநில மருத்துவர் வந்து எல்லா நாய்களையும் பார்த்தார். தீர்ப்பு வரும்வரை ஒன்றையும் இடம் மாற்றக் கூடாதென்று உத்தரவும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கடினமானவை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பர்ல் ஓட்டன் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். பர்ல் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பான்: "பாத்து நடங்கப்பா, தட்டுல ஈ உக்காந்தா வில்டா எழுதிக்கிட்டுப் போயிடுவா!" எல்லாரும் சிரிப்பார்கள். அவள் முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போவாள். மேலதிகாரி கூப்பிட்டு, "அபராதத்தோட முடிச்சுக்கலாமே, வில்டா. அவருக்கு ஆள் பலம் அதிகம்," என்றார். "முடிக்கறதுன்னா நீங்களே வந்து அந்தக் கொட்டகைக்குள்ள நின்னு முடிங்க சார்," என்றாள். அவர் வரவுமில்லை, முடிக்கவுமில்லை.

வசந்தத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றம் நிறைய ஹார்லனின் நண்பர்கள். அவனுடைய வக்கீல் சாமர்த்தியசாலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடக் கூடியவர். அந்த நாய்கள் ஹார்லனுடையவையே அல்ல என்றார். நொடித்துப்போன யாரோ ஒருவரிடமிருந்து பரிதாபப்பட்டு முந்தின நாள்தான் ஏற்றிவந்தானாம். தேற்றுவதற்குள் இந்த அம்மா வந்துவிட்டாளாம். கூட்டம் தலையாட்டியது. அது பொய் என்று வில்டாவுக்குத் தெரியும். ஆனால் அவள் அந்தக் கொட்டகையை அதற்கு முன் பார்த்ததில்லையே.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஜோலீன் எழுந்தாள். அரசுத் தரப்பு வக்கீல் முன்பே கேட்டபோதெல்லாம் வரமாட்டேன் என்று மறுத்தவள்.

"நான் பேசணுங்க."

சத்தியம் செய்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தாள்.

"முந்தின நாள் வந்த நாய்ங்கன்னு சொல்றாங்க. அந்தக் கண்ணு போன நாய்க்கு டாட்டின்னு பேரு. நாந்தான் வச்சேன். அது அந்தக் கொட்டகையிலதான் பொறந்துச்சு. அது போட்ட குட்டிங்கள நாந்தான் தொடச்சு எடுத்தேன், வருசா வருசம். அது ஒருநாள்கூடத் தரையில நடந்ததில்ல." பிறகு ஹார்லன் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் மீன் வறுத்துப் போட்டீங்க. அதுங்க குடிக்கிற தண்ணி உறையாம இருக்க ஒரு ஹீட்டர் வாங்கித் தாங்கன்னு எத்தன தடவ கேட்டேன்?"

பர்ல் ஓட்டன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லனின் உரிமம் அன்றே ரத்தானது. இனி அவன் நாய் வளர்க்கவோ விற்கவோ கூடாது. இருக்கிற எல்லா நாய்களையும் ஒப்படைக்கவேண்டும் என்று நீதிபதி சொன்னார். வெளிப் படிக்கட்டில் ஜோலீனும் வில்டாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "என் அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள் ஜோலீன். "வா, நான் கொண்டுபோய் விடறேன்," என்றாள் வில்டா.

நாய்களை எடுத்த நாள் நல்ல வெயில். நாய்களை ஏற்றுப் பராமரிக்க வந்த மீட்பு அமைப்பினரின் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. வேடிக்கை பார்க்க ஊரே வேலியோரம் திரண்டது. கொட்டகையிலிருந்து முதல் கூண்டு வெளியே வந்தபோது கசகசவென்ற பேச்சு அடங்கிப்போனது. காதில் விழுந்ததை நம்பாமல் இருக்கலாம். கண்ணில் பட்டதை என்ன செய்வது? பின்னங்கால் இழுத்துக்கொண்டிருந்த அந்த நாயை வில்டா தூக்கிவந்தாள். பர்ல் வேலியைத் தாண்டி வந்து அவள் எதிரில் நின்றான். தன் புதுக் கோட்டைக் கழற்றி விரித்தான்.

"இதுல சுத்து," என்றான். "அழுக்காயிடுமேன்னு பாக்காத." பிறகு, "இன்னும் தூக்கறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டான்.

"வேணும்," என்றாள் வில்டா. "எல்லாரும் வேணும்."

அவன் திரும்பி வேலிப் பக்கம் கத்தினான்: "என்னத்தடா வாயப் பொளந்து நிக்கிறீங்க? வாங்கடா!"

வந்தார்கள். தீயணைப்பு நிலையத்து ஆட்கள், சந்தைக்காரர்கள், பாதிரியாரின் மனைவி எல்லாரும் வந்து வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நாய்களை வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து வந்திருந்த ஜோலீன், டாட்டியைத் தானே தூக்கிவந்து புல்லில் இறக்கிவிட்டாள். அது கொஞ்ச நேரம் தரையை நம்பாமல் நின்றது. ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. பிறகு என்ன நினைத்ததோ, ஒற்றைக் கண்ணோடு கோணல்மாணலாக, வட்டம் போட்டு ஓடத் தொடங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது, சீட்டி அடித்தது.

கடைசி வண்டியும் ஏற்றியான பிறகு வில்டா தன் வண்டியில் ஏறி முன்னால் போனாள். ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் நெடுஞ்சாலைக்குப் போகவேண்டும். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வில்டா கண்ணாடியை இறக்கிவிட்டு, ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். போதாதென்று இன்னொரு சுற்றும் சுற்றினாள். பின்னால் வந்த வண்டிகளில் அத்தனை நாய்களும் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டே போயின.