கடைசிக் கப்பலுக்குக் கை காட்டியவள்

கொரோனாவுக்காக வீடுகளுக்குள் அடைந்து கிடந்த லண்டன் மெல்ல மெல்லக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. அப்போதும் இப்போதும் நாங்கள் விம்பிள்டனில்தான் இருக்கிறோம்.

அதற்கு முன்பு, பதினைந்து வருடங்களுக்கும் மேலாக, ஒரு சிறிய கிரேக்கக் கப்பல் கம்பனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை செய்தேன். உல்லாசப் பயணக் கப்பல் கம்பனி. ஆனால் விளம்பரங்களில் வருகிற, மாடி மாடியாக எழும்பி நிற்கும் கப்பல்களைக் கற்பனை செய்துவிடாதீர்கள். எங்களிடம் இருந்தவை மொத்தமே மூன்று. மூன்றும் பழையவை, சிறியவை.

கம்பனியைத் தொடங்கியவர் ஏதோ ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அவருடைய தகப்பன் தீவுகளுக்கிடையே ஆடுகளையும் ஆட்களையும் ஏற்றி இறக்கிய படகுக்காரர். மகன் வட ஐரோப்பாப் பக்கம் போய், இனி ஓடாது என்று ஒதுக்கிவைத்திருந்த கார்களையும் ஆட்களையும் ஏற்றிய ஒரு படகுச் சேவைக் கப்பலை வாங்கி வந்தார். கார்கள் நின்ற தளத்தில் அறைகள் கட்டி, முழுக்க வெள்ளை அடித்து, தன் தாயின் பெயரை வைத்தார். அது நன்றாக ஓடவே இன்னும் இரண்டு வாங்கி, இரண்டு மகள்மாரின் பெயர்களை வைத்தார். அலுவலகத்தில் நாங்கள் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. அம்மா, மூத்தவள், இளையவள் என்றுதான் கதைப்போம். "அம்மாவுக்கு இந்தக் கிழமை குளிரூட்டி பழுதாம்" என்று எங்கள் மனேஜர் சொல்வார். அவரும் கிரேக்கர். ஆங்கிலத்தில் இதை அவர் சொல்லும்போது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவருடைய தாயாருக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போவார்கள்.

என் வேலை தொலைபேசியில் அறைகளை விற்பது. எந்த அறை இயந்திரத்துக்குப் பக்கம், எதன் யன்னலைப் பாதுகாப்புப் படகு மறைக்கும், எந்த மூலையில் கிடந்தால் அலையடிக்கும்போது குறைவாக ஆடும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வயதான ஆங்கிலேயர்கள் வருடா வருடம் கூப்பிட்டு, போன முறை படுத்த அதே அறையைக் கேட்பார்கள். கப்பலில் எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்று என்னிடமும் கேட்பார்கள்.

நான் ஒருமுறைகூடப் போனதில்லை. வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பயணம் இலவசம் என்று மனேஜர் ஒவ்வொரு வருடமும் ஞாபகப்படுத்துவார். முதலில் என்னிடம் அகதிப் பயணப் பத்திரம்தான் இருந்தது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா கேட்பார்கள். பாஸ்போர்ட் கிடைத்தபோது பிள்ளைகள் சின்னவர்கள். பிறகு அவர்களுக்குப் பள்ளிச் சோதனைகள். அடுத்த வருடம் பார்ப்போம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றே போய்விட்டது.

இதற்கிடையில் பெரிய கம்பனிகள் ஊர் அளவு கப்பல்களைக் கொண்டுவந்தன. முதலாளி இறந்துபோனார். மூத்தவளை வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் மிதக்கும் ஹோட்டலாக்க விற்றார்கள். இளையவள் கிரேக்கக் கரையோரம் துருப்பிடித்துக் கிடந்து, பழைய இரும்புக்குப் போனாள். மிஞ்சியது அம்மா மட்டும். தேம்ஸ் நதி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் டில்பரித் துறைமுகத்திலிருந்து, விடாமல் வருகிற எங்கள் பழைய வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு நோர்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் போய் வந்தாள்.

கொரோனா வந்தபோது அவளும் டில்பரியில் கட்டப்பட்டாள். எங்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அலுவலகத் தொலைபேசியை என் கைபேசிக்குத் திருப்பிவிட்டார்கள். ஒருநாள் காலை மனேஜர் தொலைபேசியில் எடுத்து, கம்பனி முடிந்துவிட்டது என்றார்.

கம்பனி முடிந்தாலும் தொலைபேசியைத் திருப்பிவிட்டதை யாரும் நிறுத்தவில்லை. நான் குரோய்டனில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அப்போதும் கப்பல் கம்பனிக்கு வந்த அழைப்புகள் என் சட்டைப் பைக்குள்தான் அடித்துக்கொண்டிருந்தன. பெரும்பாலும் பயணிகள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கு மன்னிப்புக் கேட்பேன்.

அப்படி ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு அழைப்பு. ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல். தான் கப்பலில் ரொட்டி, கேக் செய்கிற சமையல்காரன் என்றும், தங்களை எப்போது ஊருக்கு அனுப்புவார்கள் என்று தெரியுமா என்றும் கேட்டது. எனக்கு எதுவும் தெரியாது, கம்பனியே இல்லை என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு அவர் யாரிடமோ தமிழில் சொன்னார்: "இதுவும் அவ்வளவுதான்டா."

என் கையில் இருந்த பாண் துண்டை வைத்துவிட்டேன்.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

"அக்கா, நீங்க சிலோனா?" என்றார். ஓம், மன்னார் என்றேன். அவருக்குத் தூத்துக்குடி. நடுவில் இருப்பது ஒரு கடல்தானே என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றைக்கு அவர் சொன்னதில்தான் நிலைமை விளங்கியது. பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். பணியாளர்களில் பலரையும் அனுப்பிவிட்டார்கள். கப்பல் ஏலத்துக்கு வந்திருக்கிறது. அது விற்கும்வரை இயந்திரத்தையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள ஒரு சிறு கூட்டம் உள்ளேயே இருக்கிறது. கரைக்கு இறங்க அனுமதி இல்லை. தம்பி கப்பலேறிய பிறகுதான் மனைவி கர்ப்பமாக இருப்பது தெரியவந்ததாம். பெண் குழந்தை பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டது. அவர் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

"போன்ல என்னக் காட்டினா அழுதுக்கா. வேத்தாளுன்னு நெனைக்கி," என்றார்.

எங்கள் மாதா கோயில் சுவாமியிடம் இதைச் சொன்னேன். அவர், துறைமுகத்தில் மாலுமிகளைக் கவனிக்கிற ஒரு குருவைத் தேடிப் பிடித்துத் தந்தார். அந்தக் குரு மூலமாகக் கப்பலுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். உள்ளே நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மாசிக்கருவாடு, பிஸ்கட், கம்பளிக் காலுறைகள். இரண்டு நாள் கழித்து வட்சப்பில் ஒரு படம் வந்தது. பிலிப்பினோ, இந்தோனேசியப் பையன்கள் எல்லாரும் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் தூளின் உறைப்பாம்.

நீங்களே வந்து ஒருநாள் கப்பலைப் பாருங்கள் அக்கா, ஏணிக்குக் கீழே நின்றாலும் பரவாயில்லை என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் வாறன், வாறன் என்றேன். ஒரு கிழமை ஷிப்ட் மாற முடியவில்லை. ஒரு கிழமை கணவருக்குக் காய்ச்சல். பிறகொரு கிழமை மழை. சொன்னால் வெட்கம், மழைக்காகத்தான் போகாமல் விட்டேன்.

கப்பல் விலைபோய்விட்டது. வாங்கியவர்கள் அதை ஓட்டப்போவதில்லை. குஜராத் கரையில் ஏற்றி உடைக்கப்போகிறார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் தேவை என்றதும் தம்பி கை தூக்கிவிட்டார். வீட்டுக்குப் போக அதைவிடக் கெதியான வழி அவருக்கு இல்லை.

"ஊருக்குப் போறோம்னு சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா இத வெட்டுறதுக்குக் கூட்டிட்டுப் போறோமேன்னு ஒரு மாதிரியாவும் இருக்குக்கா," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "பழைய ஆளுங்க சொல்லுதாங்க, முன்னாடியெல்லாம் கெளம்பும்போது கரையில ஆபீஸ் ஆளுங்க நின்னு கை காட்டுவாங்களாம். இந்தத் தடவ யாரு இருக்கா? நீங்க வாறீங்களா?" என்றார்.

"கட்டாயம் வருவன் தம்பி," என்றேன்.

இந்த முறை உண்மையாகவே எல்லாம் ஒழுங்கு செய்தேன். லீவு எடுத்தேன். டில்பரித் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், ஆற்றுக்கு இந்தப் பக்கம், நேர் எதிரே இருக்கும் கிரேவ்சென்டில் நிற்பது என்று முடிவாயிற்று. அங்கே ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய இறங்குதுறை உண்டு. இரண்டு மணிக்குப் புறப்படும் என்று தம்பி சொல்லியிருந்தார். ஒரு மணிக்கே போய் நிற்கும்படி வோட்டர்லூவில் ரயில் எடுத்தேன்.

பாதி வழியில்தான் கைபேசியைப் பார்த்தேன். அவர் எப்போதோ அனுப்பிய செய்தி கிடந்தது. தண்ணீர் ஏற்றம் பார்த்து, முன்னதாகவே எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். கயிறு அவிழ்க்கிறோம், நீங்கள் வந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். நான் திருப்பி எடுத்தேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த ரயில் ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் நின்று நின்று போயிற்று.

கிரேவ்சென்டில் இறங்கி, ஆற்றை நோக்கி இறங்குகிற தெருவில் ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடியதில்லை. இறங்குதுறைக்குப் போனபோது எதிர்க்கரை வெறுமையாக இருந்தது. ஆறு மண்நிறத்தில் அகலமாகக் கிடந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம், வளைவுக்கு அப்பால், ஒரு வெள்ளைக் கப்பலின் பின்பக்கமும் புகைபோக்கியும் சிறிதாகத் தெரிந்தன. படங்களிலும் வரைபடங்களிலும் இத்தனை வருடம் பார்த்தவளை நான் நேரில் பார்த்தது அவ்வளவுதான்.

அங்கே நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரும் உறவினர் போகிறார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். போய் அரை மணி இருக்கும், கப்பல்களை மணிக்கூட்டைப் பார்த்து எடுப்பதில்லை, ஆற்றைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று இரக்கத்தோடு சொன்னார். ஆயிரக்கணக்கானோருக்குப் புறப்படும் நேரம் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பின்பக்கம் மறையும்வரை கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதே வீடியோ அழைப்பு வந்தது. கப்பல் கடல் வாசலை நெருங்கியிருந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. தம்பியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தோம்க்கா! செவப்புக் கோட்டுல நின்னீங்கல்ல? ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்தீங்க. எங்க ஆபீஸ் அக்கா வந்துட்டாங்கன்னு நான் கேப்டன்ட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். மூணு தடவ ஹாரன் அடிச்சாரு. கேட்டுச்சா?"

என் கோட்டு கறுப்பு. நான் அதை இன்னும் கழற்றவில்லை.

வாயைத் திறக்குமுன் அவர் கைபேசியைச் சுற்றிக் காட்டினார். படத்தில் பார்த்த அதே பையன்கள், எண்ணெய் பிடித்த உடுப்போடு, என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள். பிறகு நரைத்த தாடியுடன் ஒரு முகம் வந்தது. கிரேக்கக் கப்டன். முதலாளியின் காலத்திலிருந்தே அந்தக் கம்பனியில் இருந்தவராம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில், கம்பனியிலிருந்து ஒருவராவது வந்தீர்களே, நன்றி என்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

நான் அல்ல என்று அந்த மனிதருக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இத்தனை கப்பல்கள், இத்தனை வருடம், அந்த முதலாளி, அவருடைய தாயின் பெயர், எல்லாவற்றுக்கும் கடைசியில் கரையில் நின்று கை காட்டியது யாரோ வழியில் போன ஒரு பெண். அவளும் கம்பனி ஆள் இல்லையென்று சொன்னால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? பத்திரமாகப் போய்ச் சேருங்கோ என்று மட்டும் சொன்னேன். திரை உறைந்தது. அழைப்பு அறுந்துபோயிற்று.

கப்பல் போய்ச் சேர்ந்தது. அதைக் கரையில் ஏற்றிய படத்தைத் தம்பி அனுப்பினார். நான் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அதன்பின் அவர் தூத்துக்குடிக்குப் போய், மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினார். பிள்ளை அழத்தான் செய்தது, ஆனால் அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது ஊரிலேயே சொந்தமாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கப்டனின் முகம் வந்து நின்றது. மனேஜரிடம் மட்டும் சொன்னேன். தானும் போயிருக்க வேண்டும், பார்க்கத் துணிவு வரவில்லை என்றார். நானாவது ரயிலேறினேன் என்று என்னை அவர் ஆறுதல்படுத்தினார். எனக்கு ஆறவில்லை.

போன நத்தார்ப் பண்டிகைக்குத் தம்பி வீடியோ அழைப்பு எடுத்தபோது மகள் கைபேசியைப் பறித்துக்கொண்டாள். வாயாடிப் பிள்ளை. "அத்த, எங்கப்பா கப்பலுக்கு டாட்டா காட்ட வந்தது நீங்கதானே?" என்று கேட்டாள். பின்னால் தகப்பன் பெருமையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் குஞ்சு, வந்தனான்," என்றேன்.

வந்தேன் என்பதில் பொய் இல்லை. ஆனாலும் முகம் தெரியாத ஒரு சிவப்புக் கோட்டுக்காரிக்குப் போய்ச் சேர வேண்டிய நன்றியை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு, ஒவ்வொரு முறை அந்த அழைப்பு முடிந்ததும் என்னை நெடுநேரம் கதிரையிலேயே இருத்திவிடுகிறது.