துக்க வீட்டு அச்சுமுறுக்கு

ஐரீன் ஆன்ட்டிக்கு அந்த டிசம்பரில் ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. மகள் ஷார்லினின் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது. "உதைக்குதும்மா" என்று ஷார்லின் போனில் சொன்ன நாளிலிருந்து ஆன்ட்டி சோற்றைக்கூட நினைவில்லாமல்தான் தின்றார்.

கெலுகோரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டில் ஏழாவது மாடி அவர் வீடு. பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். படிக்கும்போது வந்தவன், வேலை கிடைத்த பிறகும் மாறவில்லை. எங்கள் கம்பத்திலிருந்து, அந்தச் சின்னக் கிராமத்திலிருந்து, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழாப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டியவர் ஆன்ட்டிதான். "இது யாரு, உங்க மவனா?" என்று கேட்பவர்களிடம், "மவன் மாதிரி. வாடகை மட்டும் கரெக்டா வந்துரும்" என்பார்.

மாணவர் விடுதியின் கேன்டீனில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். காலை நாலரைக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு மிளகாய்ச் சம்பல் கிண்டத் தொடங்கினால் மத்தியானம் வரை அடுப்படிதான். குத்தகை கைமாறியபோது புதிதாக வந்தவர் தன் ஆட்களையே வைத்துக்கொண்டார். கணவர் பால்ராஜ் அங்கிள் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஆகஸ்ட் மாதம், கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, ஸ்டீரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டார். வேனை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கும் இழுத்திருந்தார். "அவ்வளவும் செஞ்சவரு ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா" என்று ஆன்ட்டி சொன்னது அடக்கத்தன்று மட்டும்தான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அடக்கத்துக்கு ஷார்லின் சர்ச் வாசல் வரைதான் வந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு மாதம். அதற்கு முந்தின வருடம் ஒன்று கலைந்திருந்தது. பிள்ளை உண்டான பெண் துக்க வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் பிலோமினா சொல்ல, ஷார்லினும் சரி என்றாள். மாமியாரின் பேச்சுக்குப் பணிந்து மட்டுமல்ல, அவளுக்கே பயம் இருந்தது. சிம்பாங் அம்பாட்டில், கணவன் ஜெரமியோடு மாமியார் வீட்டில் இருந்தாள். கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தை நாலு மாதமாக இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் கடக்கவில்லை.

"நீங்க போய்ப் பாத்துட்டு வரலாமே ஆன்ட்டி?"

"பிள்ளை உண்டானவள மொத மொத பாக்கப் போறேன், அதுவும் கிறிஸ்மஸ் மாசம். கைய வீசிக்கிட்டுப் போய் சம்பந்தி வாசல்ல நிக்கச் சொல்றியா?"

கையில் எதையாவது கொண்டுபோகும் நிலை அவருக்கு இல்லை. நான் தருகிறேன் என்றால் வாங்க மாட்டார். அதனால் ஒரு சாயந்திரம் மடிக்கணினியைத் திறந்து, செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய கிறிஸ்மஸ் பரிசுகளைத் தேடிக் காட்டினேன். பட்டப்படிப்புக்கு ஆய்வு எழுதியவன் அல்லவா, முப்பது யோசனைகளைப் படத்தோடு வரிசையாகத் தொகுத்துவிட்டேன். ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காஞ்ச எலயையும் பட்டையையும் பைல போட்டுக் குடுக்கணுமா? பிலோமினா அத அப்படியே கோழிக் கறில போட்டுருவா."

"அது வாசனைக்கு ஆன்ட்டி."

"கறியும் வாசமாத்தான் இருக்கும்."

சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மெழுகுவர்த்திக்கு உடனே சரி என்றார். சனிக்கிழமைகளில் சர்ச்சுக்குள் கூட்டித் துடைப்பவர் அவர், எரிந்து மிஞ்சிய துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. உருக்கி, வாசத்துக்குச் செராய் என்கிற எலுமிச்சைப்புல் போட்டு, பழைய கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினோம். ஜாம் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, கிழிந்த பட்டுச் சேலையில் வட்டம் வெட்டி மூடிக்குத் தொப்பி தைத்தார். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. போத்தலுக்குள் என்ன போடுவது என்ற இடத்தில் வந்து நின்றோம்.

"உங்க அச்சுமுறுக்குதான்" என்றேன். "கேன்டீன்ல அதுக்கு அடிச்சுக்குவாங்களே."

ஆன்ட்டி கையிலிருந்த துணியை மடியில் வைத்தார்.

"சட்டி வைக்கக் கூடாது தம்பி."

தெரியாதவனா நான்? துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரச் சட்டி வைப்பதில்லை. வரும் முதல் பண்டிகைக்கு உறவுக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் நம்மவர்களிடம் இது ஒன்றுதான்.

"யாராச்சும் கொண்டு வருவாங்க" என்றார் ஆன்ட்டி.

"யாரு வருவாங்க? நாலு மாசமா யாரு வந்தாங்க? கிறிஸ்மஸுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

ஆன்ட்டி மடியிலிருந்த துணியின் ஓரத்தை நீவினார்.

"எண்ணெய்க்கும் சாவுக்கும் என்னா சம்பந்தம் ஆன்ட்டி? யோசிச்சுப் பாருங்க. அங்கிளுக்கே உங்க அச்சுமுறுக்குன்னா உசுரு. இதெல்லாம் பழைய காலத்து ஆளுங்க பயந்து சொன்னது."

இரண்டு நாள் இப்படியே பேசினேன். நான் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை சாயந்திரம், வேலை முடிந்து வந்தபோது தேங்காய்ப் பால் பிழிந்து வைத்திருந்தார். அச்சு எண்ணெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாவில் முக்கி எடுத்து மறுபடி எண்ணெயில் வைத்து இலேசாக உதறியதும் பூ கழன்று மிதந்தது. முதல் பூவை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

வாசம் தாழ்வாரத்துக்குப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அதிரா அக்கா கிரில் கதவருகே வந்து நின்றார்.

"ஆன்ட்டி, சட்டி வச்சிட்டீங்களா?"

"தம்பிதான்..."

"காலம் மாறிப்போச்சுக்கா" என்றேன் நான் உள்ளேயிருந்து.

ஆன்ட்டி ஒரு போத்தலை நீட்டினார். "அப்புறமா வந்து வாங்கிக்கிறேன் ஆன்ட்டி, கையெல்லாம் சோப்பு" என்று அதிரா அக்கா போய்விட்டார். கையில் சோப்பு எதுவும் இல்லை. நான் அதைப் பார்த்தேன். படிக்காதவர்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை என் மோட்டார்சைக்கிளில் கிளம்பினோம். ஆன்ட்டியின் மடியில் ஒரு பை, அதில் ஆறு போத்தல், மூன்று மெழுகுவர்த்தி. பாலத்தில் காற்று தள்ளியது. ஆன்ட்டி ஒரு கையால் என் சட்டையையும் மறு கையால் பையையும் பிடித்திருந்தார். "மெதுவா போ தம்பி, பூ ஒடைஞ்சிரும்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். உடையாமல்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

வீட்டு வாசலில் கம்பிக் கதவு, அதில் பூட்டு. சத்தம் கேட்டு பிலோமினா சாவியோடு வெளியே வந்தார். ஆன்ட்டியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"ஐயோ, மோட்டார்லயா வந்தீங்க அண்ணி! பாலத்துல காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்லா!"

"என் எடைக்குக் காத்து தூக்காது அண்ணி. மோட்டார்தான் வழியெல்லாம் அழுதுகிட்டே வந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். சாவி பூட்டுக்குள் போய்விட்டது. ஆன்ட்டி அதற்குள் ஒரு போத்தலை எடுத்துக் கம்பி வழியே காட்டினார்.

"எவ்ளோ அழகா இருக்கு! எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா? எல்லாம் என் கையால செஞ்சது. முந்தாநேத்துதான் சுட்டேன். ஷார்லினுக்கு ரொம்பப் பிடிக்கும்."

பிலோமினாவின் கை பூட்டில் அப்படியே நின்றது.

"உங்க வீட்டு அடுப்புலயா?"

ஆன்ட்டிக்குப் பொய் வராது. எனக்கு வந்திருக்கும், ஆனால் முந்திக்கொள்ளத் தோன்றவில்லை.

"அண்ணன் போயி நாலு மாசந்தானே ஆவுது" என்றார் பிலோமினா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். "நாளைக்கு நாங்களே வரதா இருந்தோம் அண்ணி. அந்தா, பாருங்க."

உள்ளே மேசைமேல் சிவப்பு மூடி போட்ட நாலு டப்பா இருந்தது. ஒன்றில் அச்சுமுறுக்கு, ஒன்றில் நெய்யுருண்டை, மற்றவை தெரியவில்லை. ஓரத்தில் ஒரு புதுச் சேலை, உறை பிரிக்காமல்.

"ஷார்லினையும் கூட்டிக்கிட்டு வரணும்னு ஃபாதர்கிட்ட கேட்டேன். ஒண்ணும் ஆவாது, தாய் வீடு, போய்ட்டு வாங்கன்னாரு. நாலு நாளா மனசத் தேத்தித் தேத்தி, சரின்னு எல்லாத்தயும் ரெடி பண்ணி வச்சேன்."

"சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார் ஆன்ட்டி.

"துக்க வீட்டுக்கு நாள் சொல்லிட்டா வருவாங்க?"

நான் முன்னால் வந்தேன். "ஆன்ட்டி மேல தப்பில்லங்க. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் செய்யச் சொன்னேன்."

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அந்தப் படிச்ச பையனா? உங்க வீட்டுல சாவு விழுந்தப்ப உங்கம்மா சட்டி வச்சாங்களா தம்பி?"

அப்பா இறந்த வருடம் தீபாவளிக்கு அத்தை வீட்டு முறுக்குதான் வந்தது. அம்மா அதை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு அழுதார்.

"இப்ப நீங்களே பண்டிகைக்குச் சட்டி வச்ச பெறவு நாங்க என்னத்தக் கொண்டாந்து குடுக்குறது?" என்றார் பிலோமினா. "நான் வேணும்னா வரேன் அண்ணி. பிள்ளை உண்டானவள அந்த அடுப்படிக்குக் கூட்டியார என்னால முடியாது. ஏற்கெனவே ஒண்ண பறிகொடுத்தவ."

அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஷார்லின் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் போல. தளர்வான சட்டை, வயிறு நன்றாகத் தெரிந்தது. ஆன்ட்டியின் கண் முகத்துக்குப் போகவில்லை, வயிற்றுக்குத்தான் போனது. பத்தடி தூரம் இருக்கும்.

"ஏம்மா?" என்றாள் ஷார்லின், கதவை ஒரு சாண் திறந்து. "இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நான் பையெல்லாம் எடுத்து வச்சிட்டேன்மா."

"தெரியலடி..."

"எனக்குப் பயமா இருக்கும்மா." அழத் தொடங்கிவிட்டாள். அழுதபடியே கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வெளியே கால் வைத்தாள்.

ஆன்ட்டி போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

"வராத. வெளிய வராதடி. எண்ணெய் வாசம் என் மேலயே இருக்கும். அங்கயே நில்லு. உள்ள போ."

ஷார்லின் நின்றாள். பிறகு உள்ளே போனாள். பிலோமினா பூட்டிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றார். ஆன்ட்டி வேண்டாம் என்று தலையசைத்தார். மெழுகுவர்த்திகளையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நான் முணுமுணுத்தேன். அதுவும் அந்த அடுப்பில் உருக்கியதுதான் என்றார் ஆன்ட்டி.

திரும்பும்போது மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்வந்த ஆன்ட்டி வெள்ளைச் சேலையை மாற்றாமல், கிரில் கதவின் பூட்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தார். ஐந்து மணிக்குப் பூட்டினார்.

போத்தல்களை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்றதால் திங்களன்று அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள் ஆறும் காலி. பக்கத்து மேசை குணாளன் விரலை நக்கிக்கொண்டு, "யாருடா செஞ்சா? எனக்குப் பத்து போத்தல் வேணும்லா, கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் இதையே குடுத்துறேன். போத்தலுக்குத் தொப்பி வேற! காசு முன்னாடியே தரேன்" என்றான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன். நல்லது ஒன்றாவது நடக்கட்டும் என்று ஓர் ஆவல்.

ஆன்ட்டி சட்டியைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அச்சை ஏற்கெனவே செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருந்தார்.

"இனிமே வருஷம் திரும்புற வரைக்கும் சட்டி கிடையாது தம்பி."

"ஆகஸ்டு வரைக்குமா?"

"ஆகஸ்டு இல்ல." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "அந்த வருஷத்த நான் கலைச்சிட்டேன். வியாழக்கிழமைலேருந்து மறுபடியும் எண்ணணும். முழுசா பன்னெண்டு மாசம். அது வரைக்கும் அவ இங்க வர வேணாம், நானும் போவ மாட்டேன்."

"ஆன்ட்டி, மார்ச்சுல பிள்ளை பொறந்துரும்."

"தெரியும்."

"பிலோமினா ஆன்ட்டியே இவ்வளவு கேக்கல. ஃபாதரக் கேட்டுப் பாருங்க, அவரே சொல்லுவாரு..."

"நீ ஏற்கெனவே ஒரு தடவ சொன்ன, நான் கேட்டேன்" என்றார். திட்டுவது போல இல்லை. எனக்கு நினைவுபடுத்துவது போல இருந்தது. "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அது எதனால ஆச்சுன்னு உனக்கு ஒரு காரணம் தெரியும். எனக்கு இந்தச் சட்டிதான் தெரியும்."

ஈரம் சொட்டிய சட்டிக்கு அடியில் நான் ஒரு துணியை விரித்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, சர்ச்சில் கொடுத்த புது வருட நாள்காட்டியை எடுத்து மேசைமேல் விரித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மார்ச்சையும் மற்றத் தாள்களைப் போலவே புரட்டினார். டிசம்பருக்கு வந்ததும், சட்டி வைத்த தேதியில் விரலை ஊன்றிக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன்.