ஒரே விடை சொன்ன இரண்டு கம்ப்யூட்டர்கள்

சிவபாண்டியின் கணக்கு தப்பாது. அதனாலேயே கப்பலூரில் அவருக்கு நண்பர்கள் இல்லை. திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இந்த இன்ஜினியர், சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடுதல் என்று சொன்னாலும் அது உண்மையாகவே இருந்து தொலைக்கும்.

ஹம்சவேணி அம்மாளின் பட்டறையில், ரப்பர் வாஷர் வார்க்கும் இரும்பு அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவர் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கெட்டுப்போன அச்சைக் கம்பியில் கட்டி வாசல் கிராதியில் தொங்கவிடுவார்கள். கெடுத்தவர் பெயரை மேலே பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். மூன்று தொங்கினால் வேலை போய்விடும். சிவபாண்டியின் பெயருக்குக் கீழே இரண்டு தொங்கின.

"கம்ப்யூட்டர் தப்பா வகுக்குது" என்று சொல்லி, சிவபாண்டி போனில் அதே எண்களைப் போட்டு வேறு விடையைக் காட்டினார்.

கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு ஹம்சவேணியின் தம்பி பாலகணேஷ். அவர் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கை ஓட்டினார். முதல் கம்ப்யூட்டர் சொன்ன அதே விடை வந்தது.

"ரெண்டு கம்ப்யூட்டரு ஒண்ணு போலச் சொல்லுது மாப்ள. ஒம் போனு ஒண்ணுதான் வேற சொல்லுது. நான் எதை நம்ப?"

"ரெண்டுலயும் ஒரே சிப்புண்ணே. நீங்கதான ஒண்ணா வாங்கியாந்தீங்க. கூடப் பொறந்தவன சாட்சிக்குக் கூப்புட்டா வேறென்ன சொல்லுவான்?"

அக்காவும் தம்பியும் சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். சிவபாண்டிக்கு அந்த மொழி தெரியாது. தீர்ப்பு மட்டும் புரிந்தது.

சில வாரம் கழித்து, சிப்பு செய்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. குறிப்பிட்ட சில எண்களை வகுக்கும்போது விடை நூலிழை பிசகுமாம். சிப்பின் உள்கட்டளைகளைத் திருத்த ஃபர்ம்வேர் அப்டேட் ஒன்று வந்திருக்கிறதாம். சிவபாண்டி அந்தச் செய்தியை பஸ்ஸிலேயே படித்துவிட்டார். பாலகணேஷோ அதைப் பற்றி மூச்சுவிடாமல், "சும்மா ஒரு சின்ன அப்டேட்டு" என்றபடி பென் டிரைவோடு வந்தார்.

கம்ப்யூட்டர் கெட்டுக் கிடக்கிறது என்று வாரக்கணக்கில் கத்திய சிவபாண்டி, அதைச் சரிசெய்ய விடாமல் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"எந்திரி. சரியாக்கத்தான வந்திருக்கேன்."

"சரியாயிட்டா, தப்பா இருந்ததுக்கு என்ன சாட்சி? ரெண்டு அச்சும் எம் பேருலயே தொங்கும். நாளைக்கு நெசமாவே ஒண்ணு எங் கையால கெட்டா நான் வீட்டுக்குப் போகணும். அம்மாவக் கூப்புடுங்க."

"ஒனக்கு வேல நடக்கணுமா, நாயம் நடக்கணுமா?"

"நாயம். வேல மத்தியானத்துக்கு மேல நடக்கட்டும்."

ஹம்சவேணி எரிச்சலோடு வந்து நின்றார்.

"அந்த ரூம் கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்டேட் போடச் சொல்லுங்கம்மா. இதத் தொட வேணாம்."

பாலகணேஷ் தயங்கினார். தம்பியின் தயக்கத்தைக் கவனித்த அக்கா, "போடு" என்றார்.

போட்டு முடித்ததும் இரண்டிலும் அந்தப் பழைய கணக்கை ஓட்டினார்கள். கூடப் பிறந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் முதல் முறையாக முரண்பட்டன. அப்டேட் போட்டது, போன் சொன்ன விடையைச் சொன்னது.

"இப்பக் கட்சி மாறிருச்சு. ரெண்டு பேரு எம் பக்கம்."

மன்னிப்புக் கேட்பது ஹம்சவேணியின் பழக்கத்தில் இல்லை. "இம்புட்டு ரோசக்காரன், அச்சு வெட்டுறதுக்கு முன்னாடியே போன்ல போட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். ஆகவே சிவபாண்டி வாசல் பலகையைக் கைகாட்டினார்.

"போயி பேர அழிச்சுக்க. அச்சு தொங்கட்டும்."

"யாரு பேருல தொங்கும்?"

ஹம்சவேணி தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

சிவபாண்டி வாசலுக்குப் போய்த் தன் பெயரை உள்ளங்கையால் அழித்தார். பிறகு சாக்பீஸை, பின்னால் வந்த பாலகணேஷிடம் நீட்டினார். "நீங்களே எழுதிக்கிறீங்களாண்ணே, நான் எழுதவா?"

பாலகணேஷ் வாங்கவில்லை.

அச்சுகள் இன்றும் பெயரில்லாமல் தொங்குகின்றன. சிவபாண்டி பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். பழையது தப்பாக வகுத்தபடி தன் மேசையிலேயே இருக்கிறது. அதைத் திருத்த பாலகணேஷ் பென் டிரைவோடு வரும்போதெல்லாம் அந்த நாற்காலி குறுக்கே வந்துவிடுகிறது. அதில் உட்கார்ந்திருக்கும் சிவபாண்டியின் மடியில் ஒரு சாக்பீஸும் இருக்கிறது.